போர்டு கண்ணில் படாத இடத்தில் பார்க்கிங் அபராதம்: வழக்குப் போட்டு வென்றவர்கள் பகிருங்கள்

தொரப்பாடி வாசி:

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி எத்தனை காலி மனைகள் பார்க்கிங்காக மாறியிருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கம்பி வேலி, ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டோக்கன் கட்டு. அவர்கள் பணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இடம் அவர்களுடையது, வெயிலில் நின்று வண்டியைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் எவ்வளவு, எதற்கு அபராதம் என்பதை வண்டி உள்ளே போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் வெளியே வரும்போது கேட்டதால்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் “ஐந்நூறு ரூபாய்க்குப் போய் கேஸா?” என்றே ஆரம்பிப்பதால் முழுக்க எழுதிவிடுகிறேன்.

பங்குனி மாதம். மாமனாருக்கு ஆஞ்சியோ. சாயங்காலம் காரை விட்டேன். டோக்கனில் வண்டி நம்பரும் நேரமும் மட்டும்தான். எவ்வளவு என்று கேட்டதற்கு “வெளிய வரும்போது குடுங்க சார்” என்றார் பையன். ராத்திரி அவரை அட்மிட் செய்துவிட்டார்கள், நானும் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் முன் சக்கரத்தில் சங்கிலியும் பூட்டும். வாடகை தனி, அபராதம் 500 தனி என்றார்கள். பத்து மணிக்கு மேல் வண்டி நிற்கக் கூடாதாம். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“போர்டு இருக்குதே சார், நீங்க பாக்கலன்னா நாங்க இன்னா பண்றது?”

கேட் தூணில் யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போய் அதன் ஒரு மூலையைக் கையால் தூக்கிப் பிடித்தார். பின்னால் ஒரு தகரப் பலகை. பெயின்ட் உதிர்ந்து, மணிக்கணக்கு கட்டணம் பாதி அழிந்து கிடந்தது. கடைசி வரியில், விரல் நகம் அளவு எழுத்தில், இரவு 10 மணிக்கு மேல் அபராதம் ரூ.500. அவர் கை ஃபிளெக்ஸைப் பிடித்தபடி இருக்கும்போதே படம் எடுத்தேன். பிறகு ஃபிளெக்ஸை விடச் சொல்லி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்த உயரத்திலிருந்து, உள்ளே நுழையும் கோணத்தில் இன்னொரு படம். வழக்கில் எனக்காகப் பேசியது இந்த இரண்டு படங்களும்தான்.

எனக்குப் பின்னால் சித்தூரிலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குடும்பம் நின்றது. அந்தப் பலகையைத் துடைத்து விளக்குப் போட்டு வைத்திருந்தாலும் அவர்களால் படித்திருக்க முடியாது. அந்த அம்மா மறு பேச்சில்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஆள் படுத்திருக்கும்போது யார் சண்டை போடுவார்கள்? அந்த அவசரத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அதில்தான்.

நான் பணத்தை ரொக்கமாகக் கொடுக்கவில்லை. ஜிபே செய்தேன், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று குறிப்பும் போட்டேன். பணம் ஒரு தனிநபர் கணக்குக்குப் போனது. ரசீது கேட்டதற்குத் தரவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததே முறையற்ற வணிகம்தான், பிரிவு 2(47) பாருங்கள்.

முதலில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915இல் புகார் பதிந்தேன், அதிலும் ஒன்றும் நகரவில்லை. பிறகு மனு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனுவைத் தமிழில் நானே எழுதினேன். என்ன நடந்தது, என்ன ஆதாரம், என்ன கேட்கிறேன், அவ்வளவுதான். சட்ட வார்த்தை எதுவும் தேடிப் போடவில்லை.

எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. அவர்கள் கடைசி நேரத்தில் போட்டார்கள். ‘பலகை தெளிவாக வைக்கப்பட்டிருந்தது, மனுதாரர் நிபந்தனையை ஏற்றே வண்டியை நிறுத்தினார்’ என்று எழுதி, பளபளவென்று ஒரு போர்டின் படத்தையும் இணைத்திருந்தார்கள்.

அந்தப் படத்தை வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆடிக் கிருத்திகை போஸ்டர் ஒன்று. நான் வண்டி விட்டதோ பங்குனி! அதைப் பிரின்ட் போட்டு, போஸ்டரைச் சுற்றி வட்டமிட்டு நிரூபண வாக்குமூலத்தோடு, அதாவது உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்கும் சாட்சியத்தோடு கொடுத்தேன். “இது எப்போது எடுத்த படம்?” என்று ஆணையத்தில் கேட்டபோது அவர்கள் வக்கீல் வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவிலும் அதற்குப் பதில் வரவில்லை.

உத்தரவு: 500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவு 3,000. நுழைவாயிலில் மறைப்பில்லாமல் கட்டணப் பலகை வைக்க வேண்டும். பணம் உடனே வரவில்லை. உத்தரவை மதிக்காவிட்டால் அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 72இன்படி ஒரு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று ஒரு கடிதம் எழுதினேன். அதன் பிறகு காசோலை வந்தது. இப்போது அந்தக் கேட்டில் தமிழிலும் தெலுங்கிலும் போர்டு இருக்கிறது. வேலூர்ப் பக்கம் வேறு யாராவது போராடியிருந்தால் எழுதுங்கள்.

ஆற்காடு பெரியவர்:

வாழ்த்துகள் தம்பி. நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன நியாயம் இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் தார்ன்டன் என்பவர் ஷூ லேன் பார்க்கிங் மீது போட்ட வழக்கில் 1970இல் முடிவான விஷயம் அது. தானியங்கி மெஷின் டிக்கெட்டைத் துப்பிவிட்டது, ‘நிபந்தனைகள் உள்ளே’ என்று அதில் இருந்தது. வண்டி நுழைந்த பிறகு காட்டும் நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது என்று டென்னிங் பிரபு தீர்ப்பு சொன்னார். நம் ஊர் வக்கீல்களும் இதை எடுத்துக் காட்டுவார்கள்.

இன்னொன்று. டோக்கன் பின்னால் ‘வண்டி உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். டெல்லியில் ஒரு ஹோட்டல் ஆளிடம் சாவியைக் கொடுத்த கார் 1998இல் திருடு போனது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு அந்த ஒரு வரியைக் காட்டி ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்த்துவிட்டது.

காந்தி நகர் பொண்ணு:

அண்ணா, நான் காட்பாடி காந்தி நகர். வேலூரில் நர்சிங் முடித்து இப்போது இங்கிலாந்தில் வேலை. என் கதை அப்படியே உங்கள் கதைதான், ஃபிளெக்ஸ் மட்டும் இல்லை.

நைட் டூட்டிக்கு முன்னால் ஒரு கடை வளாகத்தில் காரை விட்டேன். இலவச நேரம் தாண்டிவிட்டது என்று கேமரா படத்தோடு 100 பவுண்டு கேட்டுத் தனியார் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அப்பீல் செய்தேன், நிராகரித்தார்கள். அடுத்து வசூல் ஏஜென்சி கடிதம், தொகை 170. கடைசியில் கோர்ட் கிளெய்ம் ஃபாரம். அதைப் பார்த்து என்னோடு இருக்கும் கேரளத்து அக்கா அழாத குறையாக “கட்டிடு மோளே” என்றார். இங்கே எங்களை மாதிரி விசாவில் இருப்பவர்களுக்குக் கோர்ட் என்றாலே பயம், பாதிப் பேர் அந்தப் பயத்திலேயே கட்டிவிடுகிறார்கள். இது சிவில் வழக்கு, குற்ற வழக்கு இல்லை. ஆனால் ஃபாரமை மட்டும் கிடப்பில் போடவே கூடாது. 14 நாளுக்குள் கிடைத்தது என்று பதில் கொடுத்தால் எதிர்வாதம் எழுத 28 நாள் வரை கிடைக்கும். பதிலே போடாமல் விட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

நான் அதே இடத்துக்கு அதே இருட்டு நேரத்தில் போய்ப் படம் எடுத்தேன். நுழைவில் இருந்த ஒரே போர்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது, விளக்கும் இல்லை. கம்பெனி 2015ஆம் வருஷத்து பீவிஸ் தீர்ப்பைக் காட்டியது. பார்க்கிங் கம்பெனி கேட்ட 85 பவுண்டு அபராதம் செல்லும் என்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. நான் அதையே எடுத்துப் படித்தேன். அங்கே சுமார் 20 போர்டுகள், பெரிய எழுத்தில், கண்ணில் படும்படி இருந்ததாகத் தீர்ப்பிலேயே இருக்கிறது. “அங்கே இருபது, இங்கே ஒன்று, அதுவும் இருட்டில்” என்று சாட்சி வாக்குமூலத்தில் எழுதினேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில், மேஜையைச் சுற்றி உட்கார்ந்துதான் நடந்தது. நீதிபதி கம்பெனி ஆளிடம் இரவில் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். அவரிடம் இருந்ததெல்லாம் பகல் படங்கள். வழக்கு தள்ளுபடி. லீவு போட்டதற்கான சம்பள இழப்பும் வாங்கினேன், நாளைக்கு 95 பவுண்டு வரை கேட்கலாம். அம்மாவுக்கு வீடியோ காலில் சொன்னபோது “ஒத்தையா நின்னு பேசினியாடி” என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார்.

குடியாத்தம் வாசகர்:

எனக்கும் இதே மாதிரி வேலூரில் ஒரு வணிக வளாகத்தில் போன தீபாவளி சமயத்தில் நடந்தது. பில் இல்லை, போர்டு படமும் எடுக்கவில்லை. இனிமேல் போட முடியுமா? டிராஃபிக் போலீஸ் போட்ட ஃபைனுக்கும் இங்கேயே போகலாமா?

தொரப்பாடி வாசி:

போலீஸ் ஃபைன் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருவது, அதற்கு நுகர்வோர் ஆணையம் இல்லை. வணிக வளாக விஷயத்துக்கு சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்குக் காலம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று சட்டம் சொல்வதால் சித்தூர்க்காரர்கூட அவர் ஊரிலேயே போடலாம். ஜிபே ஹிஸ்டரியை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூட வந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்குங்கள். போர்டு இன்னும் அதே நிலையில் இருந்தால் நாளைக்கே போய், வண்டியில் உட்கார்ந்தபடி படம் எடுங்கள். நோட்டீஸ் போனதும் அவர்கள் முதலில் மாற்றுவது அந்தப் போர்டைத்தான்.