"டிராஃப்ட்" என்பதற்குக் "கழல்சாய்வு": ஒரு முன்மொழிவு

குழுமத்தாருக்கு வணக்கம்.

பொறியியல் தொழினுட்ப மாணவருக்கான உற்பத்தி வடிவமைப்புக் குறிப்பேட்டில், அச்சுவார்ப்புப் பகுதியில், வார்த்த பொருள் அச்சை விட்டு எளிதாக வெளிவர அதன் சுவருக்குக் கொடுக்கும் சிறு சாய்வான "டிராஃப்ட்" மட்டும் இன்னும் தமிழ் பெறாமல் நிற்கிறது. வரைவுக் கோணம், இழுவைக் கோணம், கூம்பல் என மூன்று சொற்கள் இங்கே வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். உருகிய பிளாஸ்ரிக் அச்சுக்குள் ஆறும்போது சுருங்கும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்ரிக் 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். பொலிபுரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை போகும். சுருங்கும் பொருள், தன் குழிக்குள் நிற்கும் உள்ளச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவர் நேர் செங்குத்தாக இருந்தால், வெளியே தள்ளும்போது கடைசி வரைக்கும் உரசிக்கொண்டே வரும். கீறல் விழும், சில வேளை பொருளே வெடித்துவிடும். ஒன்றிரண்டு பாகை சாய்வு கொடுத்துவிட்டால், கொஞ்சம் அசைந்ததுமே சுவர் முழுவதும் அச்சை விட்டு விலகிவிடும். நம் அடுப்படியில் இதற்கு நல்ல சோடி இருக்கிறது. புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி கூம்பு வடிவம், கவிழ்த்தால் புட்டு தானாக விழும். புட்டுக்குழல் நேர் உருளை, பின்னாலிருந்து தடியால் தள்ள வேண்டும். அந்தத் தடியின் வேலையைத்தான் அச்சில் தள்ளூசிகள் செய்கின்றன.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். "வரைவு" பொருந்தவே பொருந்தாது. அது கடிதத்துக்கும் சட்டமூலத்துக்கும் எழுதும் முதற்படி. இந்த டிராஃப்ட் அதுவல்ல.

"இழுவை" சொன்னவருக்கு நியாயம் இருக்கிறது. மணல் வார்ப்பில் மரத்தால் செய்த மாதிரியுருவை மணலிலிருந்து மேலே இழுத்தெடுப்பார்கள். மணலின் விளிம்பு உடையாமல் எடுக்கத்தான் மாதிரியுருவின் சுவரைச் சாய்த்துச் செதுக்குவார்கள். ஆங்கிலப் பெயரும் அந்த இழுப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் நம் உயர்தரப் பௌதிகவியலில் இழையின் இழுவை என்று மாணவர் நாள்தோறும் கணக்குச் செய்கிறார்கள். அதே பிள்ளைக்கு அடுத்த பாடவேளையில் "இழுவைக் கோணம்" என்றால், கயிறு எந்தக் கோணத்தில் கட்டியிருக்கிறது என்றுதான் தேடும்.

"கூம்பல்" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது வடிவத்தைச் சரியாகச் சொல்கிறது, நோக்கத்தைச் சொல்லவில்லை. கடைச்சல் இயந்திரத்தில் துளையலகைப் பொருத்தும் மோர்ஸ் கூம்பலைப் பாருங்கள். அதற்கும் பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான். ஆனால் அது இறுகிப் பிடிப்பதற்காக வைத்த சாய்வு. செருகித் தட்டினால் உராய்விலேயே நின்றுவிடும். இங்கே நாம் பேசுவது விடுவதற்காக வைக்கும் சாய்வு. பாகை கிட்டத்தட்ட ஒரே அளவுதான், வேலை நேரெதிர். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவருக்கு மிக முக்கியமான வேறுபாடு மறைந்துபோகும். கூம்பல் கடைச்சலுக்கே இருக்கட்டும்.

அதனால் நான் வைக்கும் சொல் கழல்சாய்வு. பொருள் கழல்வதற்கான சாய்வு. "நட்டுக் கழண்டு போச்சு", "காப்புக் கழலுது" என்று யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தனிமடலில் ஓர் ஐயா, கழல் என்றால் காலில் அணியும் அணிகலன் அல்லவா, தேவாரம் படித்தவர்கள் குழம்பமாட்டார்களா என்று கேட்டிருந்தார். ஐயா, சாய்வு என்று பின்னால் வந்ததும் அந்த மயக்கம் தீர்ந்துவிடும். கழற்சாய்வு என்று எழுத வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது வினைத்தொகை, சுழல்பந்து போல லகரம் அப்படியே நிற்கலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "100 மில்லிமீற்றர் ஆழமான கிண்ணத்துக்கு 1 பாகை கழல்சாய்வு கொடுத்தால், அடிக்கும் வாய்க்கும் இடையே பக்கத்துக்கு ஏறத்தாழ 1.75 மில்லிமீற்றர் வேறுபாடு வரும்." தடங்கலில்லாமல் ஓடுகிறது. "மேற்பரப்பில் சொரசொரப்பு வேண்டுமென்றால் கழல்சாய்வைக் கூட்ட வேண்டும்" என்பதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஏன் கூட்ட வேண்டும் என்பது சொல்லிலேயே கிடக்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் முப்பரிமாண அச்சுப்பொறி. அதில் படலம் படலமாகப் பொருள் கட்டப்படுகிறது; உருவி எடுக்க அச்சே கிடையாது. செங்குத்துச் சுவர் அழகாக வந்துவிடும், மாணவரும் வடிவம் முடிந்தது என்று நினைத்துவிடுவார். அதே வடிவம் வார்ப்பு அச்சுக்குப் போகும்போதுதான் எல்லா அளவையும் மாற்ற வேண்டி வரும். முதல் வரைபடத்திலேயே "இது எப்படிக் கழலும்?" என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். அந்தக் கேள்வியைத் தனக்குள்ளே வைத்திருக்கும் சொல் நமக்குத் தேவை.

யாழ்ப்பாணத்தில் குருநகரிலும் மயிலிட்டியிலும் கரையில் நிற்கும் பைபர் படகுகளை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம். மேலே போகப் போக விரியும் உடலை ஒற்றை அச்சிலிருந்தே தூக்கிவிடலாம், கழல்சாய்வு வடிவத்திலேயே இருக்கிறது. விளிம்பு உள்ளே மடங்கும் படகுக்கு அச்சைப் பிளந்து செய்ய வேண்டும்.

அப்படிக் கழலவிடாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும் பகுதியை "அண்டர்கட்" என்கிறோம். அதற்கு நம்மூர்க் "கொளுவு" பொருந்தும் என்று நினைக்கிறேன். கழல்சாய்வு, கொளுவு இரண்டுக்கும் மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். வார்ப்புப் பட்டறையில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், உங்கள் இடத்தில் இவற்றை என்னவென்று சொல்கிறீர்கள் என்பதையும் அறியத் தாருங்கள். அந்தச் சொல் இதைவிட நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.