220-ல் தெரியும் வரிகள் டிஸ்லொகேஷன்தானா (படிக அடுக்கில் கோடாக ஓடும் பிழை)? டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) தெரிந்தவர்கள் உதவுங்கள்

கயல்:
வணக்கம். நாலு நாளாக ஒரே படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 001 சிலிக்கான் மேல் 150 நானோமீட்டர் சிலிக்கான்-ஜெர்மேனியம் படலம், ஜெர்மேனியம் 20%, வளர்த்த பிறகு அனீல் செய்தது (சூடேற்றிப் பதப்படுத்தியது). பின்பக்கம் தேய்த்து, அயான் மில்லில் மெலிதாக்கி, மேலிருந்து பார்க்கும்படி சாம்பிள் தயாரித்தேன். 200 கேவி, டூ-பீம் (நேர்க்கற்றையும் ஒரே ஒரு சிதறிய கற்றையும் வலுவாக இருக்கும் நிலை), பிரைட் ஃபீல்ட் (நேர்க்கற்றையில் எடுக்கும் படம்).

ஜி (படமெடுக்கத் தேர்ந்தெடுத்த படிகத் தளங்களைக் குறிக்கும் வெக்டர்) = 220 வைத்தால் ஒரே திசையில் வரிவரியாகக் கோடுகள், இடைவெளி 40 நானோமீட்டர். அதற்குச் செங்குத்தான 220-க்கு மாற்றினால் அவை மறைந்து, 90 டிகிரி திரும்பிய வேறு வரிகள் வருகின்றன. ஜி.பி = 0 (பி என்பது பர்கர்ஸ் வெக்டர், டிஸ்லொகேஷனில் படிகம் நகர்ந்த திசையும் அளவும்; ஜி.பி சுழியானால் கோடு மறையும்), அதனால் எல்லாமே எட்ஜ் டிஸ்லொகேஷன் (பி கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும் வகை) என்று எழுதிவிட்டேன். கைடு பார்த்துவிட்டு, "60 டிகிரி வகை எங்கே போச்சு?" என்றார் (பி கோட்டோடு 60 டிகிரியில் இருக்கும் வகை). வெள்ளிக்கிழமை மீட்டிங். எங்கே தவறு செய்கிறேன்?

தினகரன்:
குறுக்குவெட்டு சாம்பிள் செய்து ஹை ரெசல்யூஷனில் பர்கர்ஸ் சுற்று (டிஸ்லொகேஷனைச் சுற்றி அணுக்களை எண்ணி பி-யைக் கண்டுபிடிப்பது) போட்டுப் பாருங்கள், சந்தேகமே இருக்காது.

முத்துவேல்:
வெள்ளிக்கிழமைக்குள் அது நடக்காதும்மா. முதலில் ஒன்று சொல்லுங்கள், வரிகள் சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக இருக்கின்றனவா? டிஸ்லொகேஷன் அப்படி நிற்காது, ஓரிடத்தில் நாலைந்து கும்பலாகச் சேரும், இன்னோரிடத்தில் காலியாக இருக்கும், நடுவில் ஒன்று மேல்நோக்கித் திரும்பிப் படலத்துக்குள் ஏறிவிடும்.

நீங்கள் பார்ப்பது மொய்ரே வரிகள் என்று நினைக்கிறேன். கீழே இருக்கும் சிலிக்கானின் 220 தளங்களும் மேலே படலத்தின் 220 தளங்களும் இடைவெளியில் துளி வேறுபடுவதால், இரண்டும் சேர்ந்து அகலமான வரிகளைக் காட்டுகின்றன. இவை எப்போதும் ஜி-க்குச் செங்குத்தாகவே விழும், அதனால் ஜி-யைத் திருப்பினால் கூடவே திரும்பும். எட்ஜ் வகையும் இரண்டு 220-க்கும் இதே மாதிரி ஒன்று மறைந்து ஒன்று தெரியும், அதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. நானும் இதே பொருளில்தான் முதலில் மாட்டினேன்.

சோதனை சுலபம். அதே இடத்தில் 400 வையுங்கள். டிஸ்லொகேஷன் என்றால் 110 திசையை விட்டு அசையாது. மொய்ரே என்றால் 45 டிகிரி திரும்பி, இடைவெளியும் ரூட் 2 மடங்கு சுருங்கும், 40 இருந்தது 28 ஆகும். அப்புறம் 220-ல் வீக் பீம், ஜி/3ஜி (வலுவற்ற ஜி கற்றையில் படம், 3ஜி வலுவாக) போடுங்கள். பிரைட் ஃபீல்டில் ஒரு டிஸ்லொகேஷன் 10, 20 நானோமீட்டருக்கு வீங்கித் தெரியும், வீக் பீமில் 2 வரை ஒடுங்கும்.

கயல்:
இன்று மதியம் மெஷின் கிடைத்தது. 400-ல் வரிகள் சரியாக 45 டிகிரி திரும்பின, அளந்தால் 28! அந்த நேரத்தில் கை நடுங்கிவிட்டது. வீக் பீமில் இரண்டு திசையிலும் மெல்லிய கோடுகள், கும்பல் கும்பலாக, நீங்கள் சொன்ன மாதிரியே. இரண்டு 220-க்கும் பெரும்பாலானவை மறையவில்லை. அப்படியென்றால் 60 டிகிரிதானே? பழைய படங்கள் எல்லாம் வீணா?

முத்துவேல்:
ஆமாம், 60 டிகிரிதான். 60 டிகிரி வகையின் பர்கர்ஸ் வெக்டர் இடைமுகத்துக்குச் சாய்வாக இருப்பதால் இரண்டு 220-க்கும் ஜி.பி சுழி ஆகாது. இவ்வளவு சின்ன பொருத்தமின்மைக்கு (படலத்துக்கும் சிலிக்கானுக்கும் அணு இடைவெளியில் உள்ள வேறுபாடு) அந்த வகைதான் அதிகம் வரும், கைடு கேட்டது நியாயம்.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். படலம் சிலிக்கானோடு முழுக்க இழுபட்டு ஒட்டியிருந்தால் மேலிருந்து பார்க்கும்போது இந்த மொய்ரே வரவே வராது. 220 தளங்களின் இடைவெளியான 0.193 நானோமீட்டரை 40-ஆல் வகுத்தால் 0.48%, அதுதான் படலம் தளர்ந்த அளவு. 20% ஜெர்மேனியத்துக்கு மொத்தப் பொருத்தமின்மை சுமார் 0.76%. ஆக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவாகத் தளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரே அளவு இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எங்காவது ஒரு வரி கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறதா என்றும் தேடுங்கள். படலத்தைத் துளைத்து மேலே போகும் டிஸ்லொகேஷன் அந்த இடத்தில் இருக்கும்.

கயல்:
இரண்டாவது படத்தின் ஓரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து வெட்டிவிட்டிருந்தேன், மறுபடி சேர்க்கிறேன். ரொம்ப நன்றி அண்ணா.