பார்வை இல்லாமல் சுவரில் பலகை மாட்டுவது: அளவு, மட்டம், ஓட்டை எல்லாம் எப்படி?

உளிச்சத்தம்:

வணக்கம். பார்வை இருந்த காலத்திலேயே எனக்குப் பட்டறைப் பைத்தியம் உண்டு. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பவும் கருவிகளைக் கையில் எடுத்திருக்கிறேன். மரத்தோடு பெரிய தகராறு இல்லை. ரம்பம் எங்கே போகிறது, உப்புத்தாள் போட்டது போதுமா என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடுகிறது. சுவர்தான் படுத்துகிறது.

90 செ.மீ. நீளப் பலகை ஒன்றை இரண்டு பிராக்கெட் வைத்துச் செங்கல் சுவரில் மாட்ட வேண்டும். பிராக்கெட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என மொத்தம் நாலு ஓட்டை. அவ்வளவுதான் வேலை. ஆனால் பென்சிலால் குறித்தால் குறித்த இடம் எனக்கே தெரியாது, பேசும் டேப் வைத்து அளந்தால் டேப்பைக் கீழே வைத்துவிட்டு டிரில்லை எடுப்பதற்குள் இடம் தவறிவிடுகிறது, மட்டம் பார்க்க போனில் இருக்கும் செயலியை எவ்வளவு நம்பலாம் என்றும் புரியவில்லை. யாராவது பக்கத்தில் நின்று "கொஞ்சம் இடது, ஐயோ அவ்வளவு இல்லை, வலது" என்று சொல்லும் வைத்தியம் மட்டும் வேண்டாம், கடைசியில் சண்டைதான் மிச்சம்.

இன்னொன்று, அதே சுவரில் ஒரு சுவிட்ச் போர்டும் இருக்கிறது. அப்புறம், டிரில் ஓடும்போது காதை அடைத்துக்கொள்கிறீர்களா? அடைத்தால் எனக்குத் திசையே தெரியாமல் போகிறது.

விரல்நுனி:

சுவரில் அளக்கவே அளக்காதீர்கள். அளவெல்லாம் மேசைமேல் முடிந்துவிட வேண்டும், சுவருக்கு அதைத் தூக்கிக்கொண்டு மட்டும் போக வேண்டும்.

90 செ.மீ. நீளம், நாலைந்து செ.மீ. அகலத்தில் வளையாத மரப்பட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பலகையை மேசையில் குப்புறப் போட்டு, இரண்டு பிராக்கெட்டையும் அது அது இருக்க வேண்டிய இடத்தில் திருகிவிடுங்கள். சுவரில் ஒட்டவேண்டிய கால் இப்போது மேலே பார்த்து நிற்கும். அதன் முதுகில் பட்டையை நிறுத்தி, பட்டையின் ஒரு விளிம்பு பலகையைத் தொடும்படி வைத்துக் கிளாம்ப் போடுங்கள். பலகைக்கு அருகில் உள்ள ஓட்டை இரண்டின் வழியாகவும் குத்தூசியால் பட்டையில் குத்துங்கள். பிறகு பிரித்து எடுத்து, குத்திய இடத்தில் 6 மி.மீ. ஓட்டை போடுங்கள். குத்தூசிக் குழியில் பிட்டின் மூக்கு தானாகப் போய் உட்காரும், விரலை வைத்துத் தடவினாலும் தெரியும். பலகையைத் தொட்ட விளிம்பு எது என்று மறந்துவிடாமல் இருக்க அதில் ஒரு வெட்டு வைத்துவிடுங்கள். சுவரில் அந்த விளிம்புதான் மேலே வர வேண்டும்.

இப்போது சுவரில் ஒரே ஒரு ஓட்டைக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். அந்த முதல் ஓட்டை ஒரு செ.மீ. அப்படி இப்படிப் போனாலும் வானம் இடிந்து விழாது. அதைப் போட்டதும் பட்டையை அதன்மேல் வைத்து இரண்டிலும் சேர்த்துப் பழைய 6 மி.மீ. பிட் ஒன்றைச் சொருகுங்கள், திருகாணியைச் சொருகினால் ஆடும். பட்டை அந்த அச்சில் சுழலும். மட்டத்துக்கு வந்ததும், மறுமுனையில் ஏற்கெனவே ஒட்டி வைத்த இருபக்க டேப்பின் மேல்தாளை உரித்து அமுக்கிவிட்டு, பட்டையின் ஓட்டை வழியாகவே சுவரைத் துளையுங்கள். கீழ் ஓட்டைகளுக்கு எதுவும் அளக்க வேண்டாம். பிராக்கெட்டை மேல் திருகாணியில் தளர்வாகத் தொங்கவிட்டால் அது தானாகவே நேராக நிற்கும், அதன் ஓட்டை வழியாகவே குத்திக்கொள்ளலாம்.

போன் செயலி விஷயம். முழு டிகிரியாக மட்டும் சொல்லும் செயலி "பூஜ்ஜியம்" என்று சொன்னாலும் உண்மையில் அரை டிகிரிவரை சாய்ந்திருக்கலாம், 90 செ.மீ. நீளத்தில் அது கிட்டத்தட்ட 8 மி.மீ. பலகையில் வைத்த பேனா உருண்டு விழும்போது தெரிந்துகொள்வீர்கள். தசம அளவில் சொல்வதாக இருந்தால் சரி. நான் வைத்திருப்பது அலுமினியப் பள்ளச் சட்டம் ஒன்று, அதில் பேரிங் குண்டு ஒன்று. பட்டையின் மேல் விளிம்பில் வைத்தால் குண்டு எந்தப் பக்கம் உருண்டு போய் "டக்" என்று முட்டுகிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. நடுவில் விட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும்வரை சரிசெய்யுங்கள். ஒருமுறை சட்டத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்தும் பாருங்கள். திருப்பிய பிறகும் குண்டு சுவரின் அதே பக்கம் ஓடினால் சாய்வு நிஜம். மறுபக்கம் ஓடினால் சட்டத்தில்தான் கோணல். பார்வையற்றோருக்கென்றே எஃகுக் குண்டு வைத்த ரசமட்டம் தனியாகவும் உண்டு, கிடைத்தால் நல்லது.

மரைகழன்றவன்:

விரல்நுனி சொல்வது பலகைக்குச் சரி. ஆனால் "அளக்கவே வேண்டாம்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணாடி வெட்டக் கொடுக்க வேண்டும், அலமாரிக் கதவு வேறொருவர் செய்து தர வேண்டும் என்றால் பட்டையைத் தூக்கிக்கொண்டா போவீர்கள்? எண் வேண்டும் சார்.

அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. எம்6, அதாவது 6 மி.மீ. தடிமனில் மரை போட்ட கம்பி ஒன்று, நட்டு இரண்டு. சாதாரண எம்6 மரையின் இடைவெளி சரியாக 1 மி.மீ. அதாவது நட்டை ஒரு முழுச்சுற்று சுற்றினால் 1 மி.மீ. நகரும், அரைச்சுற்றுக்கு அரை மி.மீ. நட்டின் ஒரு பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டால் சுற்றை எண்ணுவது சுலபம். எம்8 வாங்கிவிடாதீர்கள், அதன் இடைவெளி 1.25, எண்ணிக்கொண்டே தலைசுற்றும். எம்10 என்றால் 1.5. கம்பியின் நுனி ஒரு முனை, நட்டின் முகம் இன்னொரு முனை, அளவு கிடைத்ததும் இரண்டாவது நட்டை நெருக்கிப் பூட்டிவிட்டால் கம்பியே அளவுகோல். எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், டேப் மாதிரி சுருண்டு ஏமாற்றாது.

90 செ.மீ. முழுவதையும் சுற்றி எண்ணுவது பைத்தியக்காரத்தனம், அதனால் 50, 100, 200 மி.மீ. நீளத்தில் கட்டைகள் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் கம்பியைப் பயன்படுத்துங்கள். சின்ன இடுக்குகளுக்கு டிரில் பிட்டின் வால் போதும். 5 மி.மீ. பிட் நுழைந்து 6 நுழையவில்லை என்றால் இடைவெளி நடுவில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

காதுகொடுத்தான்:

காது கேள்விக்கு யாரும் வரவில்லையே. செங்கல்லைத் துளைக்கும் ஹேமர் டிரில் 100 டெசிபல் பக்கம் போகும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது நியோஷ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். நாலு ஓட்டைக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றும், ஆனால் நமக்குக் காதுதான் பாதி உலகம், அதில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது.

பஞ்சு மாதிரி அடைப்பவற்றை விட்டுவிட்டு, மின்னணுக் காதுக்கவசம் பாருங்கள். வெளியே இரண்டு பக்கமும் மைக் இருக்கும். பேச்சு, காலடிச் சத்தம், திருகாணி கீழே விழுவது எல்லாம் உள்ளே வரும். பெரிய இரைச்சல் வந்தால் மட்டும் அந்தக் கணமே அடக்கிவிடும். திசை கொஞ்சம் மங்கும்தான், ஆனால் முழுசாகத் தொலையாது. மெஷின் நின்றுவிட்டதா என்பதும் தெளிவாகக் கேட்கும், எனக்கு முக்கியம் அதுதான். பிட்டோ பிளேடோ சுற்றி அடங்கும் சத்தம் முழுசாக நிற்கும்வரை எதையும் தொடுவதில்லை.

பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். "உனக்கெதுக்குடா கண்ணாடி" என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். பார்க்காத கண்ணிலும் செங்கல் தூள் விழுந்தால் எரியும், புண்ணாகும். உங்களுக்கு வெளிச்சம் தெரிகிறது என்கிறீர்கள், அதையும் ஏன் பணயம் வைக்க வேண்டும்? துளைக்கும்போது துணிக்கையுறை மட்டும் வேண்டாம், சுற்றும் பிட்டில் நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

உளிச்சத்தம்:

சுழலும் பட்டை யோசனை அருமை, இந்த வாரமே செய்யப்போகிறேன். எம்6 கம்பியும் வாங்கியாக வேண்டும் போலிருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம்: டிரில் நேராகத்தான் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்? சுவிட்ச் போர்டு பற்றியும் யாரும் சொல்லவில்லை.

பியூஸ்கேரியர்:

ஆழத்திலிருந்து தொடங்குகிறேன். பார்க்கிறவர்கள் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வைப்பார்கள், அது நமக்கு உதவாது. கனமான மரத்துண்டில் அதே பிட்டால் நீளவாக்கில் ஓட்டை போட்டு, அதை உறைபோலப் பிட்டில் மாட்டிவிடுங்கள். உறைக்கு வெளியே பிளக்கின் (திருகாணி பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் உறையின்) நீளமும் கூட ஒரு செ.மீ.யும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பட்டை வழியாகத் துளைக்கும்போது பட்டையின் கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். உறை முட்டியதும் கை தானாக நிற்கும்.

நேராகப் போவதற்கு, சதுரமாக வெட்டிய கட்டை ஒன்றில் டிரில் ஸ்டாண்டில் வைத்துச் செங்குத்தாக ஓட்டை போட்டு அதையே வழிகாட்டியாகச் சுவரோடு அமுக்கிப் பிடியுங்கள். கட்டை இல்லையென்றால் பிட்டில் ஒரு பெரிய வாஷரைத் தளர்வாக மாட்டுங்கள். பிட் மேல்நோக்கிப் போனால் வாஷர் சக்கில் (டிரில்லில் பிட்டைக் கவ்வும் வாயில்) வந்து கலகலக்கும், கீழ்நோக்கிப் போனால் சுவரில் உரசும். மேல் கீழ் சாய்வுக்கு மட்டும்தான் இது, இடம் வலத்துக்குக் கட்டைதான் வழி.

இப்போது சுவிட்ச் போர்டு. போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் எங்கும் துளைக்காதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். அப்படியும் சந்தேகம் இருந்தால் அந்த போர்டுக்குக் கரண்ட் தரும் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை) இறக்கிவிட்டு பேட்டரி டிரில்லால் துளையுங்கள். சரியான எம்சிபியைத்தான் இறக்கினோமா என்று தெரிய, போர்டின் பிளக் பாயிண்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் போய் இறக்குங்கள், வாய் மூடிவிட்டால் அது அணைந்துவிட்டது. ஆனால் பிளக்கும் விளக்கும் வேறு வேறு எம்சிபியில் இருக்கலாம், ரேடியோ நின்றதை வைத்து விளக்கு வயரைத் தொட்டுவிடாதீர்கள்.

சுவிட்சைத் திறக்கிற வேலை என்றால் விளக்கெரியும் டெஸ்டர் நமக்கு வீண். தொடாமலேயே ஒலி எழுப்பி அதிரும் டெஸ்டர் உண்டு. முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான இடத்தில் வைத்து ஒலிக்கிறதா பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடம், அப்புறம் திரும்பவும் முதல் இடம். நடுவில் பேட்டரி தீர்ந்திருந்தால் அதுவும் மௌனமாகத்தான் இருக்கும், அதனால்தான் மூன்றாவது சோதனை. இரும்புக் குழாய்க்குள் போகும் வயரை அது கண்டுபிடிக்காது. பேசும் மல்டிமீட்டர் இருந்தால் கடைசியாக அதிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரின் நிறத்தைப் போன் செயலியிடம் கேட்பது எனக்குப் பிடிக்காது, வெளிச்சம் குறைந்தால் பழுப்பைக் கறுப்பு என்று சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாமல், பழைய சுவிட்சிலிருந்து ஒரு வயரை எடுத்ததும் புதியதில் அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்த வயருக்குப் போனால் நிறமே தேவைப்படாது.

விரல்நுனி:

பியூஸ்கேரியர் சொன்ன உறைக் கட்டைக்கு ஒரு சின்னத் திருத்தம்: சுவர்ப் பக்க நுனியை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டையில் வட்டமாகத் தழும்பு விழும். துளைத்ததும் தூளை ஊதி எடுத்துவிட்டு ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். அடியில் தூள் தங்கியிருந்தால் பிளக் பாதியில் நின்றுவிடும், சுத்தியலால் அடித்தாலும் நசுங்குமே தவிர உள்ளே போகாது.