பழைய சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கணுமா இல்ல இதையே தேத்தலாமா?

அம்மாபேட்டை_நிலா:

எல்லாருக்கும் வணக்கம்ங்க, ஒரு யோசனை வேணும். எங்க வீட்ல 2013ல அசெம்பிள் பண்ணி வாங்குன சிஸ்டம் இருக்கு. ஐ3 மூணாவது ஜெனரேஷன், ஹெச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 64 பிட் போட்டிருக்கோம். ஆன் பண்ணா டெஸ்க்டாப் வரவே ஏழெட்டு நிமிஷம் ஆகுது, வந்தாலும் உடனே எதையும் தொட முடியாது, க்ரோம் ஓப்பன் பண்ணா மவுஸே நகராம நின்னுடுது. அப்பா பாவு நூல் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் இதுலதான் டேலில போடுறார், நான் காலேஜ் ப்ராஜெக்ட் இதுலதான் பண்ணணும். இன்னொண்ணு, கொஞ்ச நாளா ஃபேன் சத்தம் ஜாஸ்தியா வருது, மதியம் வெயில் நேரத்துல சில சமயம் தானாவே ஆஃப் ஆயிடுது. கீழ தறி ஓடுது, சிஸ்டம் மாடிப்படி பக்கத்து ரூம்ல தரையில இருக்கு.

தெரிஞ்சவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு போர்டுக்கு வயசாயிருச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுத்துருங்கன்னுட்டார். இப்போ புதுசுக்கு வசதி இல்லீங்க. டெம்ப் ஃபைல் எல்லாம் டெலீட் பண்ணிட்டேன், ஃபோன்ல வீடியோ பாத்து ஏதோ கிளீனர் சாஃப்ட்வேர் கூட போட்டேன், வித்தியாசமே தெரியல. உண்மையிலேயே இதுக்கு ஆயுசு முடிஞ்சுதா?


ஹஸ்தம்பட்டி_சர்வீஸ்:

தங்கச்சி, ஒரு ரூபா கூட செலவு பண்றதுக்கு முன்னாடி எது இழுத்துப் பிடிக்குதுன்னு பாத்துருவோம். ஸ்லோன்னு சொன்னா அதுல நாலஞ்சு காரணம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. சிஸ்டம் திணறும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல சிபியு, மெமரி, டிஸ்க் மூணும் எத்தனை சதவீதம் காட்டுதுன்னு எழுதி வைங்க. அமைதியா இருக்கும்போது பாத்து பிரயோஜனம் இல்ல, திணறும்போது பாக்கணும்.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதைப் போட்டு ஹார்ட் டிஸ்க் ஹெல்த் நீலமா மஞ்சளா சிவப்பான்னு சொல்லுங்க. ரீஅலொகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார்னு ரெண்டு வரி இருக்கும், டிஸ்க்ல கெட்டுப்போன, சந்தேகத்துல இருக்குற இடங்களோட கணக்கு அது, அதுல சைபரைத் தவிர வேற எது இருந்தாலும் சொல்லுங்க. அந்த கிளீனர் சாஃப்ட்வேரை இப்பவே அன்இன்ஸ்டால் பண்ணிருங்க. ரெஜிஸ்ட்ரியை சுத்தம் பண்றேன்னு சொல்றது எதுவும் வேகத்தைக் கூட்டாது, அதுவே பின்னாடி ஓடிக்கிட்டு ரேமைத் தின்னும். ஆன்ட்டிவைரஸ் ரெண்டு இருந்தா ஒண்ணை எடுத்துருங்க, விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதும்.


சூரமங்கலம்_ரயில்:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏத்துக்குது, டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் வேற வேணும், மூணாவது ஜெனரேஷன்ல அதுக்கு வழியே இல்ல. குறுக்கு வழில போடுறவங்க இருக்காங்க, ஆனா அப்டேட் ஒழுங்கா வரும்னு உத்தரவாதம் கிடையாது. அப்பா இதுல ஜிஎஸ்டி பண்றார், பேங்க் லாகின் பண்றார்னா செக்யூரிட்டி அப்டேட் இல்லாத மெஷின்ல பண்றது எனக்கு சரியாப் படல. பழசுல காசைப் போடுறதுக்கு கொஞ்சம் சேத்து வச்சு புதுசு வாங்கலாம்ங்கிறது என் கருத்து.


கொண்டலாம்பட்டி_தறி:

தறி ஓடுற வீடுன்னு படிச்சதுமே விஷயம் புரிஞ்சிருச்சு பாப்பா. மதியத்துல தானா ஆஃப் ஆகுதுன்னா 100க்கு 90 பஞ்சு தூசிதான். நம்ம ஊர்ல விசைத்தறி வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், ப்ராசஸர் மேல இருக்குற ஃபேனுக்கும் அதுக்குக் கீழ இருக்குற அலுமினிய தகடுக்கும் நடுவுல பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டிப் படிஞ்சு கெடக்கும். பாவுக்கு போட்ட கஞ்சித் தூளும் அதோட சேந்துக்கும், சும்மா ஊதுனா வராது. காத்து உள்ள போக வழி இல்லாம ப்ராசஸர் சூடாகும், சூடு எல்லை தாண்டுனா அது தன் வேகத்தை தானே குறைச்சுக்கும், அதுக்கும் அடங்கலைன்னா போர்டு பவரை கட் பண்ணிடும். உங்களுக்கு நடக்குறது அதுதான். போர்டுக்கு வயசாச்சுங்கிறது அப்புறம் பேச வேண்டிய பேச்சு.

சுத்தம் பண்ற விதம் சொல்றேன், அவசரப்படாம செய்யுங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வயரையே பிடுங்கிருங்க, பவர் பட்டனை ரெண்டு மூணு தடவை அமுக்கி உள்ள மிச்சம் இருக்குற கரண்ட்டை இறக்குங்க. ஒரு இரும்பு கிரில்லைத் தொட்டுட்டு கை வைங்க, இல்லாட்டி உடம்புல இருக்குற ஸ்டாட்டிக் சிப்பைக் கெடுத்துரும். பெயின்ட் அடிக்கிற புது பிரஷ் மெல்லிசா ஒண்ணு எடுத்து தகடு இடுக்குல இருக்குற பஞ்சை கிளறி எடுங்க. புளோயர் வச்சு ஊதுறீங்கன்னா ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, காத்து வேகத்துல கண்டபடி சுத்துனா பேரிங் போயிரும். வாயால ஊதவே கூடாது, எச்சில் ஈரம் பட்டுரும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்காதீங்க, அதுக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும், வெளிய இருந்து ஊதுனா போதும்.

ப்ராசஸர் சூட்டை தகடுக்குக் கடத்துற தெர்மல் பேஸ்ட்டும் அத்தனை வருஷமா மாத்தாததால காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருக்கும். ஃபேனும் தகடும் சேந்த கூலரை கழட்டுனா பழசை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு பட்டாணி அளவு புது பேஸ்ட் வைங்க, அதுக்கு மேல வேண்டாம். கூலரோட கால்ல இருக்குற பிளாஸ்டிக் பின் நாலும் டக்குன்னு உக்காந்துச்சான்னு போர்டுக்கு அடிப்பக்கமும் பாத்துருங்க, ஒண்ணு சரியா உக்காரலைன்னாலும் பழைய கதைதான்.

இன்னும் முக்கியமானது ஒண்ணு இருக்கு. சிஸ்டத்தை தரையில வைக்காதீங்க. பஞ்சு கீழதான் வந்து படியும், மேசை மேல ஏத்திருங்க. தறி மோட்டார் ஓடுற லைன்லயே சிஸ்டத்துக்கும் கரண்ட் எடுத்திருந்தா மோட்டார் ஸ்டார்ட் ஆகுறப்போ வோல்டேஜ் இறங்கும், அதுவும் ஆஃப் ஆக ஒரு காரணம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு தனி லைன் போடச் சொல்லுங்க, எர்த் இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.


அம்மாபேட்டை_நிலா:

ரொம்ப நன்றி அண்ணா. அப்பாவும் நானும் சேந்து திறந்தோம், நீங்க சொன்னது அப்படியேதான், கூலருக்குள்ள இருந்து பஞ்சு பாய் மாதிரி உருவி எடுத்தோம். பேஸ்ட் மாத்தி மேசைக்கு ஏத்தியாச்சு. இப்போ ஃபேன் சத்தம் சுத்தமா குறைஞ்சிருச்சு, மதியம் ஆஃப் ஆகுறதும் நின்னுருச்சு.

ஆனா ஸ்லோ அப்படியே இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல பாத்தேன், டிஸ்க் 100 சதவீதம் அப்படியே சிவப்பா நிக்குது, மெமரி 88, சிபியு 20, 25க்கு மேல போகவே இல்ல. கிரிஸ்டல் டிஸ்க்ல மஞ்சள் கலர்ல காஷன்னு வருது, கரண்ட் பெண்டிங் செக்டார்ல நம்பர் இருக்கு. இது மோசமா?


ஹஸ்தம்பட்டி_சர்வீஸ்:

மோசம்தான், ஆனா என்ன பண்ணணும்னு இப்போ தெளிவாத் தெரிஞ்சிருச்சு. பெண்டிங் செக்டார்னா அந்த இடத்துல எழுதுனதை டிஸ்க்கால இப்போ படிக்க முடியல, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொரு முயற்சிக்கும் சிஸ்டம் காத்துக்கிட்டு நிக்கும், மவுஸ் உறையறது அதனாலதான். இன்னிக்கே அப்பாவோட டேலி டேட்டா ஃபோல்டர், உங்க ப்ராஜெக்ட், ஃபோட்டோ எல்லாத்தையும் வேற இடத்துக்கு காப்பி பண்ணிருங்க. டிஃப்ராக், செக் டிஸ்க்னு எதையும் ஓட விடாதீங்க, சாகப்போற டிஸ்க்கைப் போட்டு வருத்துற வேலை அது.

சிபியு 25லயே நிக்குதே, அது சும்மா உக்காந்திருக்கு தங்கச்சி, வேலை வந்து சேராம. நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற ஹார்ட் டிஸ்க்ல ஒரு துண்டு டேட்டாவைப் படிக்கணும்னா முள் அந்த இடத்துக்கு நகரணும், தட்டு சுத்தி அந்த இடம் முள்ளுக்கு அடியில வரணும், அரைச் சுத்துக்கே 4 மில்லி செகண்ட் ஆயிடும், முள் நகர்றதையும் சேத்தா 12, 13 ஆகும். அப்போ செகண்டுக்கு 80 துண்டு படிச்சாலே பெருசு. விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போது அங்கொண்ணு இங்கொண்ணுன்னு சின்னச் சின்ன ஃபைலா ஆயிரக்கணக்குல கேக்கும், உங்க ஏழெட்டு நிமிஷம் அங்கதான் போகுது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடுற எஸ்எஸ்டில முள்ளும் கிடையாது தட்டும் கிடையாது, அதே மாதிரி சின்னத் துண்டுகளை செகண்டுக்கு ஆயிரக்கணக்குல படிச்சுரும். இதோட 4 ஜிபி ரேம் பத்தாம விண்டோஸ் மிச்சத்தை பேஜ் ஃபைலா அதே டிஸ்க்லதான் எழுதி எழுதி படிக்குது, அதனால அடி ரெண்டு மடங்கா விழுது.

வாங்க வேண்டியது ரெண்டே பொருள். ஒண்ணு ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிள்ல மாட்டுற 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 இல்ல 256 ஜிபி போதும். கடைல எம்.2, என்விஎம்இன்னு போர்டுலயே சொருகுற வகையைக் குடுத்தா வாங்காதீங்க, ஹெச்61ல அதுக்கு ஸ்லாட்டே இல்ல. உங்க போர்டுல சாட்டா 2 தான், எஸ்எஸ்டி டப்பால போட்டிருக்குற 500 எம்பி வேகம் வராது, 270, 280தான் வரும், அதைப் பாத்து மனசு விடாதீங்க, நமக்கு வேண்டியது அந்த சின்னத் துண்டு வேகம், அது வந்துரும். ரெண்டாவது இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 1600 போட்டது. டிடிஆர்4 இதுல உள்ளயே போகாது, வெட்டு இருக்குற இடம் வேற. புது டிடிஆர்3 கிடைக்கலைன்னா யூஸ்டு ரேமே வாங்கலாம், ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் சாஃப்ட்வேரை ஒரு ராத்திரி ஓட விட்டுப் பாத்துக்குங்க.

பழைய டிஸ்க்கை அப்படியே அச்சு அசலா காப்பி எடுத்து குளோன் பண்ண வேண்டாம், பெண்டிங் செக்டார் இருக்கறதால பாதில நிக்கும். போர்டோட செட்டிங் பக்கமான பயாஸ்ல, டிஸ்க் எப்படி வேலை செய்யணும்னு சொல்ற சாட்டா மோடு ஏஹெச்சிஐல இருக்கான்னு பாத்துட்டு, பழைய டிஸ்க் கேபிளைக் கழட்டி வச்சுட்டு, எஸ்எஸ்டில ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் 10 போடுங்க. ஒரிஜினல் ஆக்டிவேஷன் இருந்திருந்தா லைசென்ஸ் போர்டோட சேந்து பதிவாகி இருக்கும், நெட் கனெக்ட் பண்ணதும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

சூரமங்கலத்தார் சொன்ன செக்யூரிட்டி விஷயம் நியாயம்தான், நான் மறுக்கல. அதுக்கு மைக்ரோசாஃப்ட்டே எக்ஸ்டெண்டட் அப்டேட் ஒண்ணு வீட்டு சிஸ்டத்துக்கும் குடுக்குது, 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு சொல்லி ஆரம்பிச்சது. விண்டோஸ் 10ல 22ஹெச்2 வெர்ஷன்ல இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல பதிஞ்சுக்கணும். எஸ்எஸ்டி எங்கயும் போகப்போறதில்ல, நாளைக்கு புது மெஷின் வாங்குனாலும் அதுல கழட்டி மாட்டிக்கலாம்.


ஏற்காடு_மிளகு:

நான் எஸ்டேட்ல காப்பி, மிளகு கணக்கு எழுதுறவ, என்னோடது இதைவிடப் பழைய கோர் 2 டுயோ. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈங்கிற இலவச சிஸ்டம் சாஃப்ட்வேர் போட்டு நல்லாவே ஓடுது, அது 2 ஜிபி ரேம்லயே ஓடும், 4 இருந்தா சௌகரியம், தமிழ்99 கீபோர்டும் அதுல வருது, அப்டேட்டும் வருது. டேலி அதுல நேரா ஓடாது, அதனால அப்பாவுக்கு ஒத்து வராது, ஆனா பாப்பாவோட ப்ராஜெக்ட், பேங்க் வேலைக்கு அதே எஸ்எஸ்டில ஒரு 60 ஜிபி ஒதுக்கி ரெண்டாவதா போட்டுக்கலாம். ஸ்கூல்ல இலவச லேப்டாப் வாங்குன பிள்ளைங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுலயும் விண்டோஸோட பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு சேந்தே வந்துச்சே, அதே மாதிரிதான்.

மலை மேல இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கும் சொல்றேன். நமக்கு பஞ்சு கிடையாது, பனி ஈரம்தான் எதிரி. மழை மாசத்துல சிஸ்டத்தை வாரக்கணக்குல ஆன் பண்ணாம வச்சா ரேம் காலெல்லாம் மங்கிப் போயி டிஸ்ப்ளேவே வராது. ரேமைக் கழட்டி பென்சில் ரப்பரால அந்த தங்கக் கலர் காலை மெதுவா தேச்சு, துகளைத் துடைச்சுட்டு மாட்டுனா பெரும்பாலும் வந்துரும். தினம் கொஞ்ச நேரம் ஓட விட்டா அந்த சூட்டுலயே ஈரம் தங்காது. தேதி தப்பாக் காட்டி வெப்சைட் எதுவும் திறக்கலைன்னா போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரி தீந்திருக்கும், அது சின்னச் செலவு. கோடை இடி மழைக்கு பவர் வயரோட நெட் கேபிளையும் பிடுங்கி வைங்க.


அம்மாபேட்டை_நிலா:

எஸ்எஸ்டி, ரேம் ரெண்டும் போட்டாச்சுங்க. டெஸ்க்டாப் அரை நிமிஷத்துக்குள்ள வந்து நிக்குது, டேலி கிளிக் பண்ணதும் திறக்குது, அப்பா நம்பவே இல்ல, ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தார். டிஸ்க் இப்போ அஞ்சு சதவீதம் கூட தாண்டல, மெமரி 8ல பாதிதான் போகுது. தனி லைனுக்கு எலக்ட்ரீஷியன் ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கார். அந்த எக்ஸ்டெண்டட் அப்டேட்டுக்கும் பதிஞ்சுட்டேன். எல்லாருக்கும் மனசார நன்றி, சூரமங்கலம் அண்ணாவுக்கும்தான், அவர் சொல்லலைன்னா அப்டேட் விஷயமே எனக்குத் தெரிஞ்சிருக்காது.

கடைசியா ஒரே ஒரு கேள்வி, அந்த 500 ஜிபி பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி படம் கிடம் போட்டு வைக்க யூஸ் பண்ணலாமா?


ஹஸ்தம்பட்டி_சர்வீஸ்:

வேண்டாம்மா. ஃபார்மட் பண்ணா மஞ்சள் நீலமா மாறுற மாதிரி கூட தெரியலாம், ஆனா ஒரு தடவை செக்டார் போக ஆரம்பிச்ச டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீங்க. காப்பி பண்ணதுல எல்லா ஃபைலும் திறக்குதான்னு, முக்கியமா டேலில பழைய வருஷ கம்பெனி எல்லாம் வருதான்னு அப்பாவை உக்கார வச்சுப் பாருங்க. அது முடியற வரைக்கும் ஃபார்மட் பண்ணாம ஒரு கவர்ல போட்டு எடுத்து வைங்க. எல்லாம் சரியா இருந்தா முழுசா அழிச்சுட்டு இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுத்துருங்க, அழிக்காம பழைய இரும்புக்காரருக்குப் போட்றாதீங்க, அதுல அப்பாவோட பான் நம்பர்ல இருந்து எல்லாமே இருக்கு. இனிமே டேலி பேக்கப் வாரா வாரம் ஒரு பென் டிரைவ்லயும், அது போக ஆன்லைன்லயும் ஒரு காப்பி. எஸ்எஸ்டி போகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி முன்கூட்டியே இழுத்துக் காட்டாது, ஒரு நாள் திடீர்னு கண்டுக்கவே கண்டுக்காது.