சுவரிடம் சொன்ன கதை: ஏ.கே. ராமானுஜனை நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?

வெள்ளவத்தையிலிருந்து:

கவிஞரும் மொழிபெயர்ப்பாளரும் நாட்டார் கதை ஆய்வாளருமான ராமானுஜன் 1993 ஜூலையில் சிகாகோவில் காலமானவர். அதனால் எழுத்தில் சந்தித்ததைத்தான் கேட்கிறேன்.

கொழும்பில் மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையொன்றில், அவருடைய இந்திய நாட்டார் கதைத் தொகுப்பு அட்டை கிழிந்து கிடந்தது. 1991இல் வந்தது. 22 மொழிகளிலிருந்து 110 கதைகள். அதில் ஒரு தமிழ்க் கதை: ஒரு விதவை, இரண்டு மகன்மார், இரண்டு மருமக்கள். நாலு பேரும் ஏச ஏச, அவள் வாய் திறக்காமல் விழுங்குகிறாள். விழுங்கியதெல்லாம் உடம்பில் ஏறி ஊதிப்போகிறாள். ஒருநாள் கூரையில்லாத ஒரு பாழ்வீட்டுக்குள் போய், ஒரு சுவரிடம் தன் மனக்குறையைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழ, உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இப்படியே நாலு சுவரும்.

காலி வீதி பஸ்ஸில் நின்றபடி இதை வாசித்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுத் தெஹிவளையில் இறங்கினேன். நினைவெல்லாம் அம்மம்மாதான். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டை விட்டவர். எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரம், அதிகம் பேசாமல் இருப்பார்.

அன்றிரவு கதையை அவருக்குச் சொன்னேன். பாதியிலேயே மறித்தார். "உது சுவரில்லைப் பிள்ளை, கிணறு. கிணத்துக்குள்ள குனிஞ்சு சொன்னவள். தண்ணி கறுத்துப் போச்சுது."

நான் செய்த பிழை: "இல்லை அம்மம்மா, புத்தகத்தில சுவர்தான் இருக்குது" என்றேன்.

"அப்ப புத்தகத்தையே வாசி." அப்புறம் அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை. இரண்டு மாதமாகிறது, இன்னும் மனம் ஆறவில்லை. ஒரு கதையின் ஒவ்வொரு சொல்முறையும் தனக்குள் முழுமையானது என்று சொன்ன மனிதரின் புத்தகத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறேன். இராமாயணத்துக்கே அதைச் சொல்லி 1987இல் கட்டுரை எழுதியவர் அவர். 

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எனக்கு அவருடைய வாழ்க்கைதான் முதலில் தெரிய வந்தது. நாட்டார் கதையை ஆய்வுக்கு எடுக்கப்போகிறேன் என்றபோது, நான் படித்த இடத்தில் ஒரு விரிவுரையாளர் "குசினிக் கதைக்கு என்ன ஆய்வு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வெளியே வந்தேன்.

பிறகுதான் வாசித்தேன். 1929இல் மைசூரில், தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் கணிதப் பேராசிரியர். மாடியில் அவரோடு ஆங்கிலம், கீழே தாயோடும் சமையல்காரரோடும் தமிழ், தெருவில் கன்னடம். கதைகள் கிடைத்தது கீழ்வீட்டில். கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஆங்கிலம் கற்பித்துவிட்டு, 1959இல் அமெரிக்கா போய் மொழியியல் படித்தார். 1962இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலக நிலவறையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கையில் பட்டது. மதுரையில் வேலை பார்த்த மனிதருக்குக் குறுந்தொகை அங்கே கிடைத்திருக்கிறது! அந்தச் சங்கப் பாட்டின் அகம், புறம் என்ற பிரிவை எடுத்துவந்து நாட்டார் கதைக்கு வைத்தார். பாட்டிமார் வீட்டுக்குள் சொல்வது அகம், தொழில்முறைப் பாடகர் ஊர் நடுவே பாடுவது புறம். குசினிக் கதைக்கும் ஆய்வில் ஓர் இடமும் பெயரும் உண்டு என்று அப்போது விளங்கியது. ஆய்வை எழுதி முடித்தேன்.

மாளிகாவத்தையிலிருந்து:

மேலே சொன்ன அகம் விஷயத்தில் ஒன்று. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. வீட்டுக் கதையிலும் பெயர் இல்லை, ஒரு ராசா, ஒரு கிழவி அவ்வளவுதான் என்று ராமானுஜன் காட்டுகிறார். இதை வாசித்ததும் எங்கள் உம்மம்மா நினைவுக்கு வந்தார். சிறுவயதில் ராசாவின் மகளுக்குப் பேர் கேட்டு அவரை அரித்திருக்கிறேன். "பேரு என்னத்துக்கு மகள்? பேரு வெச்சா அது ஒரு ஆளுட கதையாப் போயிரும்" என்பார். அவர் மௌத்தாகி ஒன்பது வருடம். ஒரு கதையைக்கூட நான் பதிந்து வைக்கவில்லை.

வெள்ளவத்தைத் தங்கச்சி, உங்கள் அம்மம்மா இருக்கிறாரே! புத்தகத்தை அலுமாரியில் வையுங்கள். "தண்ணி கறுத்த பிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் போய்க் கேளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:

நேற்றுப் பின்னேரம் கேட்டேன் அக்கா. பிளேன்டீயை முழுதும் குடித்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் சொன்னார்: "கறுத்த தண்ணியை வெளியில ஊத்துறதோ? இறைச்சுப் பயித்தங்கொடிக்கு விட்டவள். அந்தமுறை நல்ல காய்."

இம்முறை போனில் பதிந்திருக்கிறேன். 11 நிமிடம்.