எரித்த உடல் எழும்புமா?

பாளை வாசகன்:
இறந்த கிறிஸ்தவரின் உடலைப் புதைக்க வேண்டும், எரிக்கக் கூடாது என்பதே என் கட்சி. "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று ஞாயிறுதோறும் சபையில் விசுவாசப்பிரமாணம் (நம்பிக்கை அறிக்கை) சொல்லிவிட்டு மின்மயானத்துக்குப் போவது பொருந்தவில்லை. அதன் லத்தீன் மூலத்தில் சரீரம்கூட இல்லை, 'கார்னிஸ்', அதாவது மாம்சம்.

நாற்றங்கால்:
அண்ணாச்சி, அப்போ 1 கொரிந்தியர் 15:50-ஐ என்ன செய்வீக? "மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது." 44ஆம் வசனம் "ஆவிக்குரிய சரீரம்"னுதான் சொல்லுது. எலும்புக்கு அங்க வேலை இல்ல.

பாளை வாசகன்:
இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த "ஆவிக்குரிய" என்பதற்குக் கிரேக்க மூலத்தில் 'ப்நியுமாட்டிகோன்'. 'இகோஸ்' விகுதி இங்கே எதனால் ஆனது என்பதைச் சொல்லவில்லை, எது இயக்குகிறது என்பதைச் சொல்கிறது. அதே வசனத்தில் இன்றைய உடம்பைக் குறிக்கும் "ஜென்ம சரீரம்" என்பதில் 'ஜென்ம' என்பதற்கு மூலச்சொல் 'ப்சுகிகோன்'. அதன் வேர் ஆத்துமா. இன்றைய உடம்பு ஆத்துமாவால் செய்ததா என்ன? லூக்கா 24-இல் உயிர்த்த இயேசு "தொட்டுப்பாருங்கள்" என்று சொல்லிப் பொரித்த மீனும் சாப்பிட்டார்.

நாற்றங்கால்:
இலக்கணம் சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா அதே அதிகாரத்துல, கொரிந்தியருக்கு எழுதின பவுல் சொன்ன உவமை விதை. பிசானப் பருவ நெல்லுக்கு விதைநெல்ல ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணிய வடிச்சு, சாக்குல கட்டி இன்னொரு நாள் வச்சா முளை கட்டும். நாத்து பறிக்கும்போது வேருல ஒட்டியிருக்கிற உமிய நசுக்கிப் பாருங்க, வெறுங்கூடு. பழைய மேனி போயாச்சு, பயிர் அதே நெல்லோடதுதான்.

பாளை வாசகன்:
வறுத்த நெல் முளைக்குமா தம்பி?

நாற்றங்கால்:
முளைக்காது. குழியில மக்கிப்போன நெல்லும் முளைக்காதுல்லா! விதை உவமைக்கு அடுத்த வசனத்தப் பாருங்க: மேனியக் கொடுக்கிறது தேவன். கி.பி. 177-ல பிரான்சுல இருக்கிற லியோன் நகரத்துல, விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளக் கொன்னவங்க, இவங்க எழும்பக் கூடாதுன்னே உடல்கள எரிச்சு சாம்பல ரோன் ஆத்துல தள்ளினாங்க. எரிச்சா எழும்ப முடியாதுங்கிறது அந்தக் கொலைகாரங்க கணக்கு. அதையா நாம பிடிச்சுக்கிட்டு நிக்கது?

வடக்கன்குளத்தான்:
நடுவுல வாறேன். கத்தோலிக்கத்தில 1963-லேயே எரிக்க அனுமதி வந்தாச்சு. உயிர்ப்பை மறுக்கணும்னே எரிச்சாத்தான் தடை. அடக்கம் செய்றதுதான் மேல்னு இன்னைக்கும் சொல்லுதாங்க. 2016 வத்திக்கான் வழிகாட்டுதல்படி சாம்பலத் தூவக் கூடாது. வீட்டு அலமாரியிலயும் பொதுவா வைக்கக் கூடாது. கல்லறை மாதிரி புனித இடத்துல வைக்கணும்.

பாளை வாசகன்:
லியோன் செய்தி கனமானதுதான். எரித்தால் தேவனுக்குத் தடை என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஞானஸ்நானம் வாங்கிய உடம்பை எப்படி அனுப்புகிறோம் என்ற கேள்வி வேறு. அதில் என் கட்சி குழிதான்.

நாற்றங்கால்:
அப்போ தாமிரபரணியில சாம்பல் கரைக்கிறது?

வடக்கன்குளத்தான்:
எங்ககிட்ட அது கிடையாது.