குமுளி ஏற்றத்துல ஸ்கூட்டர் பெல்ட் சத்தம் – பெல்ட் மட்டும் மாத்தினா போதுமா?

கம்பத்துக்காரன்:
110 சிசி ஸ்கூட்டர், 19,000 கி.மீ. ஓடியிருக்கு. தினமும் கம்பம் – லோயர்கேம்ப் – குமுளி, ரெண்டு பேர். இடது பக்கம் ரெண்டு விதமா சத்தம். காலையில வண்டி நகர்ற நேரத்துல 'கீச்'னு வந்து, 20 கி.மீ. வேகம் தாண்டினா நிக்குது. ஐட்லிங்ல 'கடகட'ன்னு அடிக்குது, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா போயிடுது. பெல்ட் (எஞ்சின் சுழற்சியை முன்புல்லியில இருந்து பின்புல்லிக்குக் கொண்டுபோற ரப்பர் பட்டை) இதுவரை மாத்தல.

குமுளி ஒர்க்‌ஷாப்:
ரெண்டு சத்தமும் ரெண்டு இடம் தம்பி. ஐட்லிங்ல அடிச்சு, முறுக்கினதும் போனா, பெரும்பாலும் வேரியேட்டர், அதாவது எஞ்சின் பக்கத்து முன்புல்லி, உள்ள இருக்கிற ரோலரும் ஸ்லைடு பீஸும்தான். ரோலர் உருண்டையா இல்லாம ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். ஆறு ரோலர், மூணு ஸ்லைடு பீஸ், எல்லாத்தையும் செட்டா மாத்துங்க. பழசும் புதுசும் கலந்தா எடை ஒத்துப்போகாது.

நகரும்போது வர்ற கீச்சை எல்லாரும் பெல்ட் தலையிலதான் போடுவாங்க. அதுல பாதி கிளட்ச் ஷூ (பின்புல்லியோட சுத்தி, விரிஞ்சு பிடிச்சு சக்கரத்தை ஓட்டுற கட்டை). கீச்சோட வண்டி உதறினா ஷூவைப் பாருங்க: மேல் பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கும், ஷூவைச் சுத்தி இருக்கிற கிண்ணம், அதாவது பெல், உள்பக்கம் நீலம் பாய்ஞ்சிருக்கும். மலையில லாரிக்குப் பின்னாடி நிக்கிறப்ப பிரேக் பிடிக்காம ஆக்ஸிலேட்டர்லயே வண்டியைத் தாங்கினா ஷூ வழுக்கிச் சூடாகி இப்படித்தான் ஆகும். லேசா மினுங்கினா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாப் போதும். பெல் நீலமாகி நெளிஞ்சிருந்தா அதையும் மாத்தணும்.

உதறல் இல்லாம கீச்சு மட்டும்னா பெல்ட். ரெண்டு பக்கச் சரிவும் பளபளப்பா, இறுகிப்போய் இருக்கும். உள்பக்கப் பல் இடுக்குல விரிசல் இருக்கான்னு வளைச்சுப் பாருங்க. அகலத்தை வெர்னியர்ல அளந்து, உங்க வண்டி மேனுவல்ல இருக்கிற எல்லையோட ஒப்பிடுங்க. பெல்ட் தேய்ஞ்சா முன் புல்லியில ஆழமா இறங்கிடும், ஏற்றத்துல இழுவையும் டாப் ஸ்பீடும் குறையும்.

போடி மெக்கானிக்:
மாட்டும்போதுதான் பெரிய தப்பு நடக்கும். பின்புல்லியை விரிச்சு பெல்ட்டை அடிவரைக்கும் அழுத்தி இறக்கிட்டுத்தான் முன்னாடி மாட்டணும். இல்லேன்னா முன் நட்டை முறுக்கும்போது பெல்ட் புல்லிக்கு நடுவுல கடிபடும். நட்டு இறுகின மாதிரி தெரியும், ஓடினதும் தளரும், ஸ்ப்லைன் (புல்லி மாட்டுற தண்டோட பல்) போயிடும். முறுக்கினதும் கையால புல்லியைச் சுத்திப் பாருங்க, பெல்ட் தாராளமா இருக்கணும். நட்டைக் கழற்றும்போது ஃபேன் இறக்கையில ஸ்க்ரூடிரைவர் குத்திப் பிடிக்காதீங்க, உடைஞ்சிடும், புல்லியைப் பிடிக்கிற ஹோல்டர் வாங்கிக்கங்க. பெல்லுக்குப் பின்னாடி, கிளட்ச் மேல இருக்கிற பெரிய நட்டைத் தொடவே வேணாம், உள்ள ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கு. பெல் கழற்றினா கிளட்ச்சும் பெல்ட்டும் ஒண்ணா வந்துடும்.

பெல்ட்ல அம்புக்குறி இருந்தா சுத்துற திசைக்குத் திருப்பிப் போடுங்க. புல்லி முகத்துல கிரீஸ் பட்டா பிரேக் கிளீனர் நனைச்ச துணியில துடைங்க. சத்தத்தை அடக்க எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னா கேக்காதீங்க; பெல்ட் வழுக்கத்தான் செய்யும்.

கம்பத்துக்காரன்:
கவரைத் திறந்தாச்சு அண்ணே. ரோலர்ல மூணு தட்டை. ஆனா பெல்ட் ஒரு பக்கம் பிசுபிசுன்னு எண்ணெய். கழுவிப் போடலாமா?

குமுளி ஒர்க்‌ஷாப்:
வேணாம். எண்ணெய் குடிச்ச பெல்ட் ரப்பர் ஊறிப்போயிருக்கும், கழுவினாலும் பழைய பிடிப்பு வராது. முதல்ல எண்ணெய் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. வேரியேட்டருக்குப் பின்னாடி ஈரம் இருந்தா கிராங்க் ஆயில் சீல். பின்புல்லிக்குப் பின்னாடி இருந்தா கியர் பாக்ஸ் சீல், அப்ப கியர் ஆயில் அளவும் பார்க்கணும். சீலை மாத்தி, ரெண்டு புல்லியையும் துடைச்சுக் காயவிட்ட பிறகு புது பெல்ட் போடுங்க. ஷூவுல எண்ணெய் ஏறியிருந்தா அதையும் மாத்திடுங்க. கையால புல்லியைச் சுத்தி, பின்புல்லியில பெல்ட் மேல ஏறினதைப் பார்த்துட்டு கவரை மூடுங்க, அப்புறம் சென்டர் ஸ்டாண்டுல ரெண்டு நிமிஷம் மெதுவா ஓடவிடுங்க. முதல் 100 கி.மீ.க்கு ஏற்றத்துல முழுசா முறுக்க வேணாம்.